கூடப் போக யார் இருக்கிறார்கள்?

புறக்கோட்டையில் நின்று பல்வலிக்கு எங்கே போகலாம் என்று கேட்டால் பத்துப் பேர் பத்து இடம் சொல்வார்கள். காய்ச்சலுக்கு எந்த டிஸ்பென்சரி, சீனி வருத்தத்துக்கு எந்த நாளில் கிளினிக், கை முறிந்தால் எங்கே ஓடுவது என்பதெல்லாம் மூட்டை சுமக்கும் நாட்டாமைமாருக்கும் தெரியும். துணிக்கடையில் நிற்கும் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் "மனம் சுகமில்லை, எங்கே காட்டலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பதில் தெரிந்தவர்கூட, தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ள விரும்பமாட்டார்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. நமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். உளநோய்க்கும் அப்படித்தான். கோட்டை புகையிரத நிலையத்திலிருந்து கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குப் போவது பெரிய பயணம் அல்ல. அங்கே உளமருத்துவப் பிரிவு இருக்கிறது. வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குக் களுபோவில போதனா வைத்தியசாலை கிட்ட. அங்கொடையில் தேசிய மனநல நிறுவகம் இருக்கிறது. வன்னியிலும் மலையகத்திலும் உள்ள சகோதரிகள் படும் பயணக் கஷ்டம் தலைநகரில் வாழும் நமக்கு இல்லை. கட்டணமும் தடை இல்லை, தூரமும் தடை இல்லை. அப்படியிருந்தும் ஏன் போவதில்லை?

இது நமக்கு மட்டும் உள்ள குறை அல்ல. உலக சுகாதார ஸ்தாபனம் 14 நாடுகளில் நடத்திய ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2004இல் வெளிவந்தன. அந்நாடுகளில் இலங்கை இல்லை. ஆனாலும் அது சொல்லும் செய்தி நமக்கும் பொருந்தும். கடுமையான உளநோய் உள்ளவர்களில், வளர்முக நாடுகளில் 76 முதல் 85 சதவீதமானோர் முந்திய 12 மாதங்களில் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. செல்வந்த நாடுகளில்கூட அது 35 முதல் 50 சதவீதமாக இருந்தது.

"அறியாமை", "வெட்கம்" என்று இரண்டு சொல்லில் இதற்கு விளக்கம் கொடுத்துவிடுவது நமது வழக்கம். அமெரிக்க சமூகவியலாளர் ரொனால்ட் அண்டர்சன் 1968இல் வேறு விதமாகச் சொன்னார். குடும்பங்கள் வைத்திய சேவையை நாடுவதை மூன்று விடயங்கள் தீர்மானிக்கின்றன என்பது அவருடைய கருத்து. ஒன்று, நாம் வளர்ந்த விதமும் நமது நம்பிக்கைகளும். இரண்டு, போய் வருவதற்கான வசதிகள். மூன்று, இது நோய், வைத்தியரிடம் போகத்தான் வேண்டும் என்று உணரும் தேவை. பல்கலைக்கழகத்தில் இதைப் பரீட்சைக்குப் படித்தேன். புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை வீடுகளுக்குப் போய்வரத் தொடங்கிய பின்னர்தான் இந்த மூன்றும் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று விளங்கியது.

யோசனைக்கும் விசருக்கும் நடுவில்

முதலில் தேவையைப் பார்ப்போம். காய்ச்சலை வெப்பமானி காட்டும். மன வருத்தத்தை எது காட்டும்? நமது பெண்கள் அதைப் பெரும்பாலும் உடம்பின் மொழியிலேயே சொல்கிறார்கள். "நெஞ்சுக்குள்ள அடைக்குது", "தலைக்குள்ள இரையுது", "கை கால் விறைக்குது", "ராவில ஒரு பொட்டு நித்திரை இல்ல மிஸ்". இவை நடிப்பு அல்ல. மன அழுத்தம் உண்மையாகவே உடம்பை வருத்தும். ஆகவே அவர்கள் வெளிநோயாளர் பிரிவுக்குப் போகிறார்கள். பனடோல், வயிற்றெரிவுக்குக் குளிசை, விற்றமின் கிடைக்கிறது. இரண்டு மாதத்தில் திரும்பவும் போகிறார்கள். சேவையை அவர்கள் நாடாமல் இல்லை. வேறு வாசலில் நிற்கிறார்கள்.

அதற்குமேல் ஒரு சொல் பஞ்சமும் இருக்கிறது. நமது பேச்சில் ஒரு பக்கம் "யோசனை" என்ற சொல் இருக்கிறது. "அவ கொஞ்சம் யோசனைக்காரி" என்றால் யாரும் பயப்படமாட்டார்கள். யாரும் வைத்தியரிடமும் கூட்டிப் போகமாட்டார்கள். மறுபக்கம் "விசர்", "பைத்தியம்" என்ற சொற்கள். அந்தச் சொல் விழுந்தால் திரும்பி எடுக்க முடியாது. நடுவில், "இது குணப்படுத்தக்கூடிய ஒரு வருத்தம்" என்று சொல்ல வீட்டுப் பேச்சில் ஒரு சொல் இல்லை. மனச்சோர்வு, பதகளிப்பு என்பன துண்டுப்பிரசுரங்களில்தான் இருக்கின்றன. ஆகவே யோசனையாக இருந்தது விசராக மாறும்வரை குடும்பம் காத்திருக்கிறது. இலகுவாக மாற்றக்கூடிய காலம் அந்தக் காத்திருப்பிலேயே போய்விடுகிறது.

பெயருக்குப் பயம்

கொழும்புத் தமிழில் "அங்கொடை" என்பது ஊரின் பெயர் மட்டும் அல்ல, ஒரு வசை. "உன்ன அங்கொடைக்குத்தான் அனுப்பணும்" என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். 1920களில் அங்கே பெரிய மனநோய் வைத்தியசாலை வந்தது முதல் இந்தப் பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. நாட்டின் மற்றைய இடங்களிலிருந்தும் நோயாளர்களை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். பலர் வருடக் கணக்கில் அங்கேயே இருந்தார்கள். 2005இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட தேசிய உளநலக் கொள்கை இந்த முறையை மாற்றி, ஒவ்வொரு மாவட்டத்திலும் பொது வைத்தியசாலைகளிலேயே உளநலச் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்று சொன்னது. கொள்கை மாறி இத்தனை வருடம் ஆகியும் வசை மாறவில்லை. "மனநல வைத்தியரைப் பார்ப்போம்" என்று சொன்னதும், "என்னை அங்கொடைக்கு அனுப்பப் போறீங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

இந்தப் பயத்தின் அடியில் பெரும்பாலும் ஒரு கல்யாணம் இருக்கும். வெள்ளவத்தையில் ஒரு தாய். பிள்ளைகள் வெளிநாட்டில், தொடர்மாடியில் சொந்த வீடு, காசுக்குக் குறைவில்லை. தனியார் வைத்தியரை எந்த நேரமும் பார்க்கலாம். ஆனால் இளைய மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தாய்க்கு இப்படி என்று தெரிஞ்சா சாதகத்தையே திருப்பி அனுப்பிவிடுவினம்" என்றார். இரண்டு வருடம் நித்திரைக் குளிசையோடு காலம் தள்ளினார். வசதி இருந்தது, தேவையும் இருந்தது, பெயர்தான் தடுத்தது. மகளின் வாழ்க்கைக்காகத் தாய் செய்யும் தியாகங்களின் கணக்கில் இதையும் யாராவது எழுத வேண்டும்.

பெயரைப் பதிவதற்கே பயந்த காலமும் நமக்கு இருந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களை விடியற்புறம் எழுப்பி, பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. யுத்தம் முடிந்தது 2009இல். ஆனால் பெயர், விலாசம், சொந்த ஊர் என்று ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்கும்போது கை தயங்கும் பழக்கம், அந்தக் காலத்தைக் கடந்து வந்தவர்களிடம் இன்றும் இருக்கிறது. கிளினிக் கொப்பியும் அவர்களுக்கு ஒரு படிவம்தான்.

சட்டம் பற்றிய பயம் வேறு. தற்கொலைக்கு முயல்வது முன்பு குற்றமாக இருந்தது. 1998இல் அது நீக்கப்பட்டது. இன்றும் பல வீடுகளில் இது தெரியாது. "பொலிசுக்குப் போகும்" என்று பயந்து, நடந்ததைத் தவறுதல் என்று சொல்லி வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுகிறார்கள். உடம்பு காப்பாற்றப்படுகிறது. அந்த மனம் எதற்காக அங்கே வரை போனது என்று யாரும் கேட்பதில்லை.

இலவசத்தின் விலை

கொட்டாஞ்சேனைத் தோட்டம் ஒன்றில் வசிக்கும் ஒரு சகோதரி. புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையில் மிளகாயும் கொத்தமல்லியும் துப்பரவு செய்து பொதி செய்வது தொழில். நாட் கூலி. கணவர் விட்டுப் போனபின் நித்திரை போனது, சாப்பாடு போனது. ஒரு நாள் வேலை நடுவில் அழத் தொடங்கி நிறுத்த முடியாமல் போனது. கிளினிக்குக்குப் போனார். விடிய முன்னர் போய் நம்பர் எடுத்து, வைத்தியரைப் பார்த்து, மருந்துக்கு வரிசையில் நின்று வீடு வரும்போது பிற்பகல் ஆகிவிட்டது. வைத்தியர் அன்பாகத்தான் பேசினார். மருந்தும் வேலை செய்தது. ஆனால் அடுத்த மாதம் அவர் போகவில்லை. "அடிக்கடி லீவு எண்டா வேற ஆள் பாக்க வேண்டி வரும்" என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

கணக்குப் பார்ப்போம். மாதம் ஒரு தடவை கிளினிக் என்றால் வருடத்துக்கு 12 நாட் கூலி இல்லை. தலை சுற்றும் நிலையில் தனியாகப் போக முடியாது; கூட வருபவரும் நாட் கூலிக்காரர் என்றால் 24 நாட் கூலி இல்லை. பஸ் காசு, சாப்பாடு, பிள்ளையைப் பார்க்க ஒருவர். 2022இல் பொருளாதார நெருக்கடியின்போது அரசாங்க வைத்தியசாலைகளிலேயே மருந்துத் தட்டுப்பாடு வந்தது; பலர் மருந்தை வெளியே வாங்கினார்கள், முடியாதவர்கள் நிறுத்தினார்கள். கட்டணம் இல்லை என்பது வேறு, செலவு இல்லை என்பது வேறு. உளநோய்க்கு மருந்து மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் தேவைப்படும். முதல் நாள் போவதற்குத் துணிவு போதும். பத்தாவது தடவை போவதற்கு விடுமுறை வேண்டும்.

எந்த மொழியில் சொல்வது?

எலும்பு முறிவை எக்ஸ்ரே பார்த்துச் சொல்லலாம். உளநோயில் பேச்சுத்தான் எக்ஸ்ரே. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. ஆனால் அழும் பெண்ணுக்கு முன்னால் இருக்கும் வைத்தியருக்கோ தாதிக்கோ தமிழ் தெரிந்திருக்க வேண்டுமே.

ஒரு கிளினிக்கில் நான் கண்டது இது. தாய்க்குச் சிங்களம் தெரியாது. பாடசாலைக்குப் போகவிடாமல் 11 வயது மகளை மொழிபெயர்க்கக் கூட்டி வந்திருந்தார். "அம்மாவுக்கு என்ன செய்யுது என்று கேள்" என்றார் தாதி. தாய் மகளின் முகத்தைப் பார்த்தார். "தலையிடி எண்டு சொல்லு" என்றார். சாக வேண்டும் போல இருக்கிறது என்று எந்தத் தாய் தன் பிள்ளையின் வாயால் சொல்லுவிப்பாள்? அடி வாங்கும் பெண்ணுக்குக் கணவனே மொழிபெயர்ப்பாளராக வந்தால் நிலைமை இன்னும் மோசம். அவளுக்குப் பதிலாகப் பேசுபவர் யார் என்பதிலேயே வைத்தியருக்கு எது தெரியவரும், எது தெரியவராது என்பது முடிவாகிவிடுகிறது.

கோயிலும் கிளினிக்கும்

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனால் கத்தோலிக்கர், சைவர், சிங்களவர் என்று எல்லோரும் மெழுகுதிரியோடு நிற்பதைக் காணலாம். 2019 ஏப்ரல் 21இல் குண்டு வெடித்த அதே கோயில்தான். சனம் திரும்பவும் வருகிறது. நமது சகோதரிகளில் பலர் மனக்கஷ்டத்துக்கு முதலில் போவது இப்படியான இடங்களுக்குத்தான். நூல் கட்டுகிறார்கள், ஓதிப் பார்க்கிறார்கள், நேர்த்தி வைக்கிறார்கள். இதை மூடநம்பிக்கை என்று ஏசுவதால் பயன் இல்லை. அங்கே யாரும் பெயர் பதிவதில்லை, வேலை நாளைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை, சொந்த மொழியில் அழலாம். கிளினிக்கில் இல்லாத மூன்றும் அங்கே இருக்கின்றன.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. "மருந்தை நிற்பாட்டினால்தான் இது பலிக்கும்" என்று யாராவது சொல்லும்போதும், நோயாளியைக் கட்டி வைக்கும்போதும் அது வருகிறது. தமிழ்நாட்டின் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி, தர்காவை நம்பி வந்தவர்களைத் தங்கவைத்திருந்த விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அந்த அவலத்துக்குப் பிறகு அப்படியான விடுதிகள் மூடப்பட்டன. பின்னாளில், தர்காவுக்கு வருவோரை உளநல வைத்தியர்கள் அங்கேயே பார்த்து மருந்து கொடுக்கும் ஏற்பாடும் வந்தது. பிரார்த்தனையும் நடக்கிறது, மருந்தும் கிடைக்கிறது. சனம் போகும் இடத்துக்கு வைத்தியம் போனது என்பதுதான் அதில் நாம் கவனிக்க வேண்டியது.

வாசலுக்கு வரும் சேவை

இதே வழியில் சிம்பாப்வே நாட்டில் டிக்ஸன் சிபாண்டா என்ற உளமருத்துவர் 2006இல் ஒரு வேலை தொடங்கினார். அங்கே வைத்தியர்கள் மிகக் குறைவு. ஆகவே ஹராரே நகரில், ஊர்ப் பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையங்களின் முற்றத்தில் மரவாங்குகளில் அமரவைத்தார். துன்பத்தோடு வருபவர்கள் அந்த வாங்கில் பாட்டிக்குப் பக்கத்தில் இருந்து தங்கள் மொழியில் பேசினார்கள். "மனச்சோர்வு" என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பதிலாக, "அளவுக்கு மிஞ்சி யோசித்தல்" என்று பொருள்படும் தங்கள் பேச்சுச் சொல்லையே பாட்டிமார் பயன்படுத்தினார்கள். நமது "யோசனை"க்கு எவ்வளவு கிட்டிய சொல் பாருங்கள். 2016இல் வெளிவந்த ஆய்வு, அந்த வாங்கில் இருந்து பேசியவர்கள் வழமையான கவனிப்பைப் பெற்றவர்களைவிடத் தெளிவாகக் குணமடைந்ததைக் காட்டியது.

வாசலுக்கு வரும் சேவை நமக்குப் புதிது அல்ல. குழந்தை பிறந்தால் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார். அதை யாரும் வெட்கமாக நினைப்பதில்லை. எல்லோர் வீட்டுக்கும் வருவதால் யாருக்கும் அவப்பெயர் இல்லை. அவர் பிள்ளையின் நிறையைப் பார்க்கும்போது உங்கள் மனநிலையையும் அவரிடம் சொல்லலாம். பிரசவத்தின் பின் அழுகை, பயம், பிள்ளையைத் தூக்கவே மனம் இல்லாத நிலை வந்தால் அது தாயின் குற்றம் அல்ல, மருந்துள்ள வருத்தம்.

மாலை நேரக் கிளினிக், தமிழ் பேசும் உத்தியோகத்தர், கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சேவை நிலையம் என்பன அரசாங்கமும் மாநகர சபையும் செய்ய வேண்டியவை. அவற்றை மாதர் சங்கங்கள் கேட்டு எழுத வேண்டும், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அவை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு காரியம் நமது கையில் இருக்கிறது. கூடப் போவது.

மிளகாய் துப்பரவு செய்யும் அந்தச் சகோதரி திரும்பவும் கிளினிக்குக்குப் போகத் தொடங்கியதற்கு என் அறிவுரை காரணம் அல்ல. அவரோடு சீட்டுக் கட்டும் நான்கு பெண்கள் ஒரு மாலையில் கூடிப் பேசினார்கள். சீட்டைப் போலவே இதற்கும் முறை வைத்தார்கள். இந்த மாதம் ஒருவர் விடியற்காலையில் போய் நம்பர் எடுப்பார். அடுத்த மாதம் மற்றவர். ஓரளவு சிங்களம் தெரிந்தவர் உள்ளே கூடப் போவார். ஒருவர் கடை முதலாளியிடம் பேசி, அன்றைய பொதிகளில் ஒரு பங்கை மற்றப் பெண்கள் முடித்துத் தருவதாக ஒப்புக்கொள்ள வைத்தார். ஒருவருக்கும் சமூகவியல் தெரியாது. ஆனால் அண்டர்சன் சொன்ன வசதிகள் என்ற பகுதியை அந்த நான்கு பெண்களும் உண்டாக்கிவிட்டார்கள்.

வாசக சகோதரிகளே, உங்கள் தெருவிலும் இரண்டு மூன்று வாரமாக நித்திரையும் சாப்பாடும் இல்லாமல், எதிலும் மனம் ஒட்டாமல் ஒருத்தி இருப்பாள். அவளிடம் "விசர்க் கதை கதையாதே" என்றோ "கோயிலுக்குப் போ, சரியாகும்" என்றோ சொல்லி முடிக்காதீர்கள். அங்கொடை என்ற பேச்சு தேவையில்லை. கிட்டிய பெரிய வைத்தியசாலையின் உளநலக் கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்று முதலில் விசாரித்து வையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். 1974 முதல் இயங்கும் சுமித்ரயோ நிறுவனத்தில், ஏசாமல், புத்தி சொல்லாமல் காது கொடுத்துக் கேட்பதற்குத் தொண்டர்கள் இருக்கிறார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் அவளைத் தனியே விடாதீர்கள். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். பொலிசுக்குப் பயப்பட வேண்டாம்.

"போய்க் காட்டு" என்று சொல்வது சுலபம். "வியாழக்கிழமை காலமை ஆறு மணிக்கு வாறன், வெளிக்கிட்டு நில்" என்று சொல்லிப் பாருங்கள். அவள் வெளிக்கிட்டு நிற்பாள்.